உயர்த்தித் தைத்த காலர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

பட்டாணியின் அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்க தோஷம். இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நான் நலம். அவளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பதறாதே. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். இப்போது எதிர்வீட்டுப் பிள்ளையோடு படம் வரையப் போயிருக்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

தினமும் போனில் பார்க்கிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறதே, அதுதான் காரணம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னோடு அதே வார்டில் நர்ஸாக வேலை செய்யும் அக்கா விடுமுறை முடிந்து நாளை புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன். இதை அவர் படித்தாலும் எனக்கு மானம் போய்விடும்.

கடையில் வேலை குறைவில்லை. பள்ளிச் சீருடைகள் எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. பெரிய மெஷினுக்குப் பெல்ட் மாற்றினேன். நம் கடையில் பட்டன் ஓட்டை தைப்பதற்கென்றே அவதாரம் எடுத்த காஜா அக்காவுக்கு முழங்கால் வலி, இருந்தாலும் வாய்க்கு ஓய்வில்லை. பின்கட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பார்த்தாயா, சுற்றி வளைக்கிறேன். குழாய் ஒழுகுவதைச் சொல்லவா நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்?

போன வாரம் பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை. வந்திருந்த டாக்டரம்மா பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து எடையும் உயரமும் பார்த்திருக்கிறார். நம்மவள் முறை வந்தபோது காலர் பட்டனைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இவள் மாட்டேன் என்று இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டாளாம். அப்புறம் தனியறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, என்னை மறுநாள் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

அந்தக் காலரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு நான் தைப்பது தோளோடு படிந்திருக்கும் தட்டைக் காலர். நம் மகளுக்கு மட்டும் உள்ளே விறைப்புத் துணி வைத்து, கழுத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும்படி உயர்த்தித் தைத்திருந்தேன். பிடரியில் கறுப்பாகப் பட்டை மாதிரி படிந்திருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை, உங்க வீட்டுல தண்ணியே வராதா என்று கேட்டுவிட்டதாம். அழுதுகொண்டு வந்தாள். நானும் அழுக்கு என்றுதான் நினைத்தேன். குளிக்கச் சொன்னால் தண்ணீரைக் காட்டிவிட்டு ஓடி வருகிறாள் என்று திட்டினேன். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து தேய்த்தேன். சிவந்துபோய் எரிகிறது என்று கத்தினாள். கறுப்பு போகவில்லை. மறுவாரமும் தேய்த்தேன்.

அந்த இடத்தைத் தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. தையல்காரனின் விரலுக்கு அது தெரிந்தது, அப்பனின் புத்திக்கு எட்டவில்லை. போகாத அழுக்கை மூடிவிட்டால் போயிற்று என்று காலரை உயர்த்தினேன். தைத்து முடித்தபோது கண்ணாடியில் பார்த்து, சூப்பரா இருக்குப்பா என்றாள். எனக்குப் பெருமை வேறு.

நீ பார்த்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய். சர்க்கரை முற்றிக் கால் புண் ஆறாதவர்களுக்கு நாள் முழுக்கக் கட்டுப் போடுகிறவள் நீ. கறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத்தான் அந்தக் காலரைத் தைத்தேன். ஆனால் உன்னிடமிருந்தும் அது மறைத்துவிட்டது.

காலர் மட்டும் என்றால்கூடத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இடுப்புக்கு என்ன சொல்வேன்? வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பது வழக்கம்தானே. ஊரில் மற்ற பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து விடுவேன். நம்மவளுக்கு அது பரீட்சைக்குப் பரீட்சை நடந்தது. பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன், துணி தீர்ந்ததும் அக்குளுக்குக் கீழே ஒட்டுக் கொடுத்தேன், கடைசியில் பாவாடைப் பட்டியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் போட்டேன். எதுவும் இறுக்கவில்லை என்பதால் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அயலார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் டேப்பை வைத்ததுமே, என்னம்மா இப்படி ஏறியிருக்கே என்று அதன் தாயிடம் கேட்டிருப்பேன். என் பிள்ளைக்கு டேப்பே வைக்கவில்லை. கண் அளவு போதும் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிந்ததை டேப் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

காஜா அக்கா ஒருநாள் ஜாடையாக, தம்பி, பிள்ள கொஞ்சம் உருண்டையா போகுதே என்றார். வளர்ற வயசுக்கா, உயரத்துல போயிடும் என்று வாயை அடைத்தேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கைக்குட்டையில் சுற்றுகிற அளவில் கிடந்தவள். அதனால்தானே பட்டாணி என்று பேர் வந்தது. அவள் கன்னம் உப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் நாம் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். போனில் நீ, அவள எழுந்து நிக்கச் சொல்லுங்க, எவ்வளவு வளந்துட்டான்னு பாக்கறேன் என்று கேட்ட அன்று சிக்னல் போய்விட்டது அல்லவா? போகவில்லை. நான்தான் அணைத்தேன்.

இப்போது கிளினிக்கில் நடந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சாதாரண சாப்பாடுதாங்க என்றேன். அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல், இவங்கம்மா வெளியூர்ல இருந்து சாக்லேட்டா அனுப்பிட்டிருக்காங்க, சொன்னா கேக்கறதில்ல என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன் தலையில் போட்டேன். நீ இல்லாத இடத்தில், உன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், அம்மா அனுப்புனது எப்பவோ தீந்துபோச்சு டாக்டர், நாந்தான் எதிர்க்கடையில வாங்கிக்கிறேன் என்றாள். ஒன்று விடாமல் சொன்னாள். பள்ளிவிட்டு வந்ததும் கலர் சோடா பாட்டில், சிப்ஸ் பாக்கெட். துணிக் குவியல் மேல் படுத்துக்கொண்டு டேப்லெட் பார்க்கும்போது பிஸ்கட். அம்மா டியூட்டியில் இருந்து பேச முடியாமல் போகிற அன்றைக்கு ஒரு கேக். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அப்பாவ திட்டாதீங்க டாக்டர், நான் அழுவேன்னுதான் வாங்கித் தராரு என்று முடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனைப் பத்து வயதுப் பிள்ளை காப்பாற்றியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது அழுக்கு இல்லீங்க, தேச்சா போகாது. உடம்புக்குள்ள இன்சுலின் திணறுதுன்னு தோல் காட்டுது. சர்க்கரை நோய் இன்னும் வரல. ஆனா வாசல் வரைக்கும் வந்து நிக்குது. இப்ப மாத்தினா திருப்பி அனுப்பிடலாம், மருந்தே வேணாம் என்றார். பட்டினி போடக் கூடாதாம். மெலிய வைக்கிறேன் என்று துரத்தக் கூடாதாம். வளரும் பிள்ளை, எடை இப்படியே நின்றாலே போதும், உயரம் ஏற ஏறச் சரியாகிவிடும் என்றார். கலர் பாட்டிலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், தினமும் வேர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரமாவது ஓடி ஆடட்டும், நேரத்தோடு தூங்கட்டும் என்றார். சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குள் மாறாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நீ சொன்ன வார்டுக் கதைகள் எனக்கு மறக்கவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் என்று ஆரம்பிக்கும் பழமொழியை மட்டும் யாரும் என்னிடம் சொல்லிவிட வேண்டாம். அளவெடுப்பதே என் பிழைப்பு.

இதைப் படித்ததும் போன் பண்ணுவாய். என்ன வேண்டுமானாலும் கேள், பதில் சொல்கிறேன். இந்த முறை சிக்னல் போகாது.

தலை குனிந்து,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை, காலை

பட்டாணியின் அம்மாவுக்கு,

உன் பயணச் சீட்டு உறுதியாகிவிட்டது என்று நேற்று அவளிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. தப்பில்லை. அந்தக் கடிதம் கிடைத்த அன்று நீ போனில் ஒன்றும் பேசாமல் அவ்வளவு நேரம் இருந்தாயே, அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம். அதற்கப்புறம் அவளோடு சிரித்துப் பேசிவிட்டு, என் முறை வந்ததும் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்று மூன்று வார்த்தையில் முடிக்கிறாய். அதனால் மறுபடியும் கடிதம். நீ புறப்படும் முன் சேரட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா சொன்னபடி சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். இறங்கியிருக்கிறது. முழுக்க விலகவில்லை, ஆனால் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. எடை அப்படியே நிற்கிறது, உயரம் ஏறியிருக்கிறது. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. என் ஆசைக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ, நீ வந்து சொல்.

இதை நான் சாதித்தேன் என்று நினைத்துவிடாதே. ஆரம்பத்தில் நான் செய்த கூத்தைக் கேள். கிளினிக்கிலிருந்து வந்த மறுநாளே வீட்டில் இருந்த தின்பண்டம் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேகவைத்த காய்கறியை உப்புகூடச் சரியாகப் போடாமல் தட்டில் கொட்டினேன். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, பல் தேய்த்ததும் அவளை அதில் ஏற்றி நிறுத்தினேன். டாக்டரம்மா எதைச் செய்யாதே என்றாரோ அத்தனையும் செய்தேன். இத்தனைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கரண்டிச் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடையில் ஒருநாள் பட்டன் டப்பாவைச் சுற்றி எறும்பு வரிசை. காஜா அக்கா திறந்து பார்த்தால், வெள்ளைப் பட்டனுக்கு அடியில் கிரீம் பிஸ்கட். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரிலேயே அவளைக் கூப்பிட்டு, திருடித் திங்கற அளவுக்குப் போயிட்டியா, வெக்கமா இல்ல உனக்கு என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எடுத்து எறும்பைத் தட்டி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அளவுக்காகக் கையை விரித்து நின்ற வாத்தியார் மெல்ல அதை இறக்கிக்கொண்டார். எனக்கு டேப்பில் எண் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியவன் யார் என்பது அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வாத்தியாருக்கும்கூட.

அன்று மாலை காஜா அக்கா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்வாங்க தம்பி, நீ ரெண்டும் குடுக்காம திட்ட மட்டும் குடுக்கற என்றார். டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நீங்க அவள மட்டும் மாத்தப் பாக்கறீங்க, வீடு அப்படியே இருக்கு என்றார். வீட்டுக்கு வந்ததும் எடை மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் சின்னச் சின்னதுதான். எனக்கும் சர்க்கரை இல்லாத டீ. முதல் வாரம் கழனித் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. சமையலில் அவளுக்கென்று தனியாக எதுவும் இல்லை, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. காய் நறுக்குவது அவள் வேலை. தானே நறுக்கியது என்றால் தானாகவே வாய்க்குள் போகிறது. பள்ளிவிட்டு வந்ததும் பழமும் தண்ணீரும். டேப்லெட்டைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். சாப்பிடும்போது மட்டும் யார் கையிலும் எதுவும் கிடையாது, என் போன் உட்பட. நீ பேச முடியாமல் போகிற நாளில் கேக் வாங்காமல், அம்மா ஞாபகமா இருக்கா என்று நேராகவே கேட்கிறேன். ஆமாம் என்கிறாள். எனக்கும்தான் என்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. இத்தனை வருஷம் அதைக் கேட்கப் பயந்துதான் கேக் வாங்கியிருக்கிறேன்.

தைத்த துணியை பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பேன் அல்லவா, இப்போது வெயில் தாழ்ந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் நடந்தே போய்க் கொடுக்கிறோம். சந்துக்குச் சந்து அவள் முன்னால் ஓடிப்போய்க் காலிங் பெல்லை அடிப்பாள். திரும்பி வந்து, கடைவாசலில் இரண்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவே எலாஸ்டிக்கைக் கட்டிவிடுவேன். அதைத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, எதிர்வீட்டுப் பிள்ளை கற்றுக் கொடுத்தது. இப்போது தெருவில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கின்றன. ஒருநாள் நானும் குதித்தேன். காலில் சிக்கி விழுந்ததில் காஜா அக்கா சிரித்த சிரிப்பு இரண்டு தெருவுக்குக் கேட்டது. நம்மவளும் சிரித்தாள். பட்டன் டப்பாவுக்கு அப்புறம் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் இன்னும் அவள் கண் என்னைத்தான் தேடுகிறது, எடுக்கலாமா கூடாதா என்று. எடுத்துக்கோ, ஒரு துண்டு எல்லோரையும் மாதிரி நீயும் சாப்பிடலாம் என்கிறேன். இருந்தாலும் அந்தப் பார்வை இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுத்தது நான்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதும் காரணத்துக்கு வருகிறேன்.

நேற்று உன் போனை வைத்ததும் சந்தோஷத்தில் குதித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்று, அம்மா வர்றதுக்குள்ள நான் ஒல்லியாயிடணுமாப்பா என்று கேட்டாள். கத்தரி நின்றுவிட்டது. அப்படியெல்லாம் யாரும்மா சொன்னது, வேணாம் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மா வந்து உங்கள திட்டுவாங்கல்ல, நான் சொல்லிடறேன்பா, நான் கேட்டு அழுததாலதான் வாங்கித் தந்தீங்கன்னு சொல்லிடறேன் என்றாள். இதை எப்போதிலிருந்து மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாளோ தெரியவில்லை. நீ என்னோடு மூன்று வார்த்தைதான் பேசுகிறாய் என்பது அவளுக்கும் தெரியும். அதற்குக் காரணம் தன் உடம்பு என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் மாட்டேன். நீ வந்து திட்ட வேண்டும், நான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் நியாயம். ஒன்றே ஒன்றுக்காக உன் காலில் விழுகிறேன். நீ வந்து இறங்கியதும் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்க்காதே. கழுத்தைத் திருப்பிப் பார்க்காதே. ஒரு நிமிஷம் நர்ஸாக இருக்காதே. அவள் ஓடி வரும்போது எடை, உயரம் எல்லாம் மறந்து அப்படியே வாரிக் கட்டிக்கொள். அவளுக்கு நீ அவ்வளவு செய்தால் போதும்.

என்னைத் திட்டுவதை அவள் எதிரில் வைத்துக்கொள்ளாதே. அவள் பள்ளிக்கூடம் போனபின் வைத்துக்கொள். கடையில், காஜா அக்கா எதிரில், வாத்தியார் எதிரில், தெருவில் நின்றுகூடத் திட்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன். அவள் எதிரில் திட்டினால் அவள் நமக்கு நடுவே வந்து நின்றுகொண்டு, அப்பா மேல தப்பில்ல, என் மேலதான் என்பாள். அதை நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். நீ கேட்க வேண்டாம்.

பத்திரமாக வா.

உன் வீட்டுக்காரன்